தேக்கரண்டி: பெயரும் அளவும்

நம் சமையலறையில் கரண்டிக்குப் பெயர்கள் பல. குழிக்கரண்டி, கண்கரண்டி, தோசைக்கரண்டி, நெய்க்கரண்டி என வடிவையோ வேலையையோ சேர்த்து அழைக்கிறோம். தேங்காய்ச் சிரட்டையில் காம்பு செருகியது அகப்பை. பேச்சில் அது ஆப்பை ஆயிற்று. இன்று பலரும் வழங்கும் ‘ஸ்பூன்’ என்னும் சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் மரச்சில்லு என்பதே பொருள்.

தேக்கரண்டியின் ‘தே’ தேயிலையைக் குறிக்கும். சீனாவின் ஃபூஜியன் கரையோரப் பேச்சில் வழங்கும் ‘தே’ என்னும் சொல், கடல் வணிகத்தின் வழியே பல மொழிகளுக்கும் பரவியது. தமிழில் தேயிலை, தேநீர் என நிலைபெற்றது. ஆகவே தேநீர் கலக்கும் சிறு கரண்டி என்பதே இப்பெயரின் பொருள். உழக்கு, ஆழாக்கு ஆகியவை அளவைப் பெயர்கள். தேக்கரண்டியோ பயன்பாட்டால் அமைந்த பெயர்.

குழந்தைநல மருத்துவர்களாகிய நாங்கள் இந்த வேறுபாட்டைச் சுட்டக் காரணம் உண்டு. மருத்துவக் கணக்கில் ஒரு தேக்கரண்டி 5 மி.லி.; மேசைக்கரண்டி 15 மி.லி. வீட்டுக் கரண்டிகள் இக்கணக்கை அறியா. கிரேக்க நாட்டில் 25 வீடுகளின் தேக்கரண்டிகளை ஆய்வாளர்கள் அளந்தபோது, அவற்றின் கொள்ளளவு 2.5 மி.லி. முதல் 7.3 மி.லி. வரை வேறுபட்டது. அதாவது, ஒரு குழந்தைக்கு மருந்து பாதியாகும்; மற்றொரு குழந்தைக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். இரு கரண்டிகளையும் ‘ஸ்பூன்’ என்றே அழைப்பதால், பெரியதை எடுத்துவிட்டால் மும்மடங்காகவும் கூடும். பாராசிட்டமால் அளவு மீறித் தொடர்ந்து உட்சென்றால் கல்லீரல் பாதிக்கப்படும். ஆன்டிபயாட்டிக் அளவு குறைந்தால் நோய் தணியாமல் நீடிக்கலாம். திரவ மருந்துகளை மில்லிலிட்டரிலேயே எழுத வேண்டும் என அமெரிக்கக் குழந்தைநல மருத்துவக் கழகம் 2015-இல் பரிந்துரைத்ததும் இதனாலேயே.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை:

• மருந்துடன் வரும் அளவு மூடியையோ, ஊசியில்லாச் சிரிஞ்சையோ மட்டுமே பயன்படுத்துக.

• யாரேனும் ‘ஒரு ஸ்பூன்’ என்றால், எத்தனை மி.லி. எனக் கேட்டுக் குறித்துக்கொள்க.

• பாராசிட்டமால் சிரப் 5 மி.லி.க்கு 125 மி.கி., 250 மி.கி. எனப் பல செறிவுகளில் கிடைக்கிறது. சொட்டு மருந்து அவற்றினும் செறிவானது. புட்டி மாறினால் பழைய அளவைத் தொடராமல் மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேட்டறிக.

• அளவு கூடிவிட்டதாக ஐயம் எழுந்தால், அறிகுறிகளுக்குக் காத்திராமல், புட்டியுடன் உடனே மருத்துவமனைக்கு வருக.