முதல் கப்பல் பயணமா? டிக்கெட் விலையை விடுங்க, இறங்கும்போது வர்ற பில்லைப் பாருங்க



திருவண்ணாமலையில், ரமணாசிரமம் பக்கத்துல இருக்கிற நம்ம ஆபீஸுக்கு ஐடிஆர் போட வர்ற பசங்க இப்போ அடிக்கடி கேட்கிற கேள்வி: "சார், சென்னையிலிருந்து க்ரூஸ் போகலாம்னு இருக்கோம். எவ்வளவு வச்சுக்கணும், என்ன எடுத்துட்டுப் போகணும்?" வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆனவங்க, சொந்தக் காசுல போகிற முதல் பெரிய பயணம். ஆசைப்படுறது தப்பே இல்லை. ஆனா கப்பலில் செலவு ஆகிற விதம் வேற. அதைப் புரிஞ்சுக்கிட்டா பாதி பிளானிங் முடிஞ்சுது.

முதலில் ஒரு சின்ன வரலாறு

'எம்ப்ரஸ்' என்ற கப்பல் 1990-ல் கடலுக்கு வந்தது. 2022 ஜூனில் கார்டேலியா நிறுவனம் இந்தக் கப்பலைச் சென்னையிலிருந்து ஓட்ட ஆரம்பிச்சது. முதலமைச்சர் ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். விசாகப்பட்டினம், புதுச்சேரி போய் திரும்புவதாகத் திட்டம். ஆனா கப்பலில் கேசினோ இருக்கிறதுன்னு எதிர்ப்பு கிளம்பி, புதுச்சேரியில் அனுமதி கிடைக்கல. 2023 ஜூனில் சென்னை – இலங்கைப் பயணம் தொடங்கியது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைமுகங்கள்.

இதில் நமக்கு என்ன பாடம்? கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கும் என்பது உங்க கையிலும் இல்லை, பல சமயம் கம்பெனி கையிலும் இல்லை. வானிலை, அனுமதி, எது வேணும்னாலும் வழியை மாற்றலாம். அதனால இறங்குற ஊரில் டாக்ஸி, ஹோட்டல் எதுக்கும் ரீஃபண்ட் இல்லாத முன்பணம் கட்டாதீங்க. எந்த மாசம் எந்த ரூட் என்பதும் சீசனுக்கு சீசன் மாறும். புக் பண்ணும் முன்னாடி அந்த வருஷ அட்டவணையைப் பாருங்க.

விளம்பர விலை வேற, கட்டுற விலை வேற

போஸ்டரில் போடுற விலை பெரும்பாலும் "ஒரு ஆளுக்கு, ரெண்டு பேர் ஒரு கேபினில் தங்கினால்" என்ற கணக்கு. தனியா போனீங்கன்னா கிட்டத்தட்ட ரெண்டு ஆள் காசு வரும். அதுக்கு மேல போர்ட் சார்ஜ், ஊழியர்களுக்கான கிராஜுவிட்டி, ஜிஎஸ்டி. வெளிநாட்டுத் துறைமுகம் உள்ள பேக்கேஜா இருந்தா டிசிஎஸ் என்று ஒரு வரி கூடச் சேரும்.

ஒரு உதாரணத்துக்கு, நானா எடுத்துக்கிட்ட எண்கள்:

- ரெண்டு பேருக்கு டிக்கெட்: ₹50,000
- போர்ட் சார்ஜ், கிராஜுவிட்டி: ₹8,000
- ஜிஎஸ்டி 5% என்று வைத்தால்: ₹2,900
- இதுவரை: ₹60,900
- டிசிஎஸ் 2% என்று வைத்தால்: ₹1,218
- கட்ட வேண்டியது: ₹62,118

50 ஆயிரம்னு நினைச்சது, கப்பல் ஏறுறதுக்கு முன்னாடியே 62 ஆயிரம். கடைசி ஸ்கிரீனில் வர்ற தொகைதான் விலை. அதை வச்சுத்தான் ரெண்டு கம்பெனியை ஒப்பிடணும்.

டிசிஎஸ்: இது செலவு இல்லை, உங்க காசு

வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு 2025-26 நிதியாண்டில் ₹10 லட்சம் வரை 5% டிசிஎஸ். அதை 2% ஆகக் குறைப்பதாக 2026 பட்ஜெட்டில் அறிவிச்சாங்க. உங்க பில்லில் எவ்வளவு போட்டிருக்குன்னு பாருங்க. இந்தத் தொகை உங்க பான் எண்ணில் அரசிடம் போய்ச் சேருது. ஐடிஆர் போடும்போது வரியில் கழிச்சுக்கலாம், மிச்சம் இருந்தா ரீஃபண்ட் வரும்.

சம்பளக்காரங்களுக்கு இன்னொரு வசதி உண்டு. 2024 அக்டோபரிலிருந்து, கட்டிய டிசிஎஸ்ஸை ஆபீஸில் டிக்ளேர் பண்ணினா, சம்பளத்தில் பிடிக்கிற டிடிஎஸ்ஸை அந்த அளவுக்குக் குறைச்சுப் பிடிப்பாங்க. ஹெச்ஆர் கிட்ட "டிசிஎஸ் டிக்ளரேஷன்" என்று கேளுங்க.

நாலு நண்பர்கள் சேர்ந்து போறீங்க, ஒருத்தர் பேரில் மொத்த பில்லும் போடுறீங்கன்னு வைங்க. டிசிஎஸ் முழுக்க அந்த ஒருத்தர் பானில்தான் ஏறும். பணத்தைப் பிரிக்கும்போது டிசிஎஸ்ஸை விட்டுட்டுப் பிரிங்க. இல்லைன்னா மூணு பேர் காசு ஒருத்தர் ரீஃபண்டில் வரும்!

எல்டிஏ கிளெய்ம் பண்ணலாமான்னு கேட்டா, வெளிநாட்டுப் பயணத்துக்கு எல்டிஏ விலக்கு கிடையாது. புதிய வரி முறையில் இருந்தா உள்நாட்டுக்கும் கிடையாது.

கப்பலுக்குள்ள காசு எங்கே போகுது?

பஃபே சாப்பாடு, ஷோ எல்லாம் பொதுவா டிக்கெட்டில் அடங்கும். மது, ஸ்பெஷல் ரெஸ்டாரண்ட், ஸ்பா, வைஃபை, கரையில் சுற்றிப் பார்க்கிற டூர் எல்லாம் பெரும்பாலும் தனி. உள்ளே ரொக்கம் புழங்காது. கேபின் சாவியா கொடுக்கிற கார்டையே தேய்ப்பீங்க. பர்ஸ்லேருந்து நோட்டு போகாததால செலவு பண்ற மாதிரியே தெரியாது. கடைசி நாள் காலையில் மொத்த பில் வரும். கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதேன்னு சொல்வாங்க. ஆனா கப்பல் பத்திரமா கரைக்கு வந்த பிறகு கன்னத்தில் கை வைக்கிறவங்கதான் இங்கே அதிகம்.

இதுக்கு வழி:

1. ஒரு நாளைக்கு இவ்வளவுதான்னு ஏறும் முன்னாடியே முடிவு பண்ணுங்க.
2. தினமும் ராத்திரி ரிசப்ஷனிலோ கேபின் டிவியிலோ உங்க கணக்கைப் பாருங்க.
3. கேசினோ பக்கம் போனா, தோற்றாலும் பரவாயில்லைங்கிற தொகையோட போங்க. ஜெயிச்சா 30% வரி, அதுக்கு மேல செஸ். தோத்ததைக் கழிக்க சட்டத்தில் இடமில்லை.
4. கரை மறைஞ்சதும் போனை ஃப்ளைட் மோடில் போடுங்க. நடுக்கடலில் கப்பலோட நெட்வொர்க்கை போன் தானா பிடிக்கும். அந்த மேரிடைம் ரோமிங் கட்டணம் சாதாரண ரோமிங்கை விட ரொம்ப அதிகம்.

பெட்டியில் என்ன?

பெரிய பெட்டியை வாசலிலேயே வாங்கிக்குவாங்க. அது கேபினுக்கு வந்து சேர சில மணி நேரம் ஆகலாம். அதனால தோளில் ஒரு சின்ன பை: பாஸ்போர்ட், பயண ஆவணங்கள், தினசரி மாத்திரை, சார்ஜர், பவர் பேங்க், ஒரு செட் மாற்றுத்துணி.

- இலங்கை போனா பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி மிச்சம் இருக்கட்டும். விசா அல்லது இடிஏ யார் எடுக்கணும்னு கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்க.
- வாந்தி, தலைசுற்றலுக்கு மாத்திரை. டாக்டரிடம் கேட்டு, கப்பல் ஆட ஆரம்பிக்கும் முன்னாடியே போடணும். கேபின் எடுக்கும்போதே கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளமா எடுத்தா ஆட்டம் குறைவு. விலையும் பெரும்பாலும் குறைவு.
- நீச்சல் உடை, ராத்திரி டெக்கில் காற்றுக்கு ஒரு மெல்லிய ஜாக்கெட், வழுக்காத செருப்பு.
- அயர்ன் பாக்ஸ், கெட்டில், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மது பாட்டில் வேண்டாம். செக்கிங்கில் எடுத்து வச்சுடுவாங்க.

கேபின் சின்னது. ரெண்டு பேருக்கு ரெண்டு பெரிய பெட்டி வச்சா நடக்க இடம் இருக்காது.

நம்ம ஊர்லேருந்து கிளம்புறவங்களுக்கு

செக்-இன் நேரம் முடிஞ்சா கப்பல் உங்களுக்காக நிற்காது. பணமும் பொதுவா திரும்பாது. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி, திண்டிவனம் வழியா பஸ்ஸில் வந்தா கிளாம்பாக்கத்தில் இறங்கணும். அங்கேருந்து துறைமுகம் இன்னொரு பெரிய பயணம். 2024 மே முதல் சென்னை பீச்சுக்கு நேரடி ரயில் இருக்கு. பீச் ஸ்டேஷன் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே. ஆனா அதே நாள் ரயிலை நம்பி கப்பலைப் பிடிக்கத் திட்டம் போடாதீங்க. முந்தின நாளே சென்னை போய்த் தங்குங்க. அந்த ஒரு ராத்திரி லாட்ஜ் வாடகைதான் 62 ஆயிரத்துக்கான இன்சூரன்ஸ்.

காலண்டரில் பௌர்ணமியையும் பாருங்க. கிரிவலக் கூட்டத்தில் செங்கம் ரோட்டில் ஆட்டோவே நகராது. அன்னைக்குக் கிளம்புறதும் கஷ்டம், திரும்பி வீடு சேர்றதும் கஷ்டம்.

கடைசியா, காசு எங்கேருந்து?

"நோ காஸ்ட் இஎம்ஐ" என்று வரும். அதிலும் பல சமயம் பிராசஸிங் கட்டணமும், வட்டிப் பகுதிக்கு ஜிஎஸ்டியும் உண்டு. அதை விடுங்க. பயணம் அஞ்சு நாளில் முடிஞ்சிடும், தவணை ஒன்பது மாசம் ஓடும். நடுவுல வேலை போனாலோ, வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலோ அந்தத் தவணை நிற்காது.

அதையே முன்னாடி திருப்பிப் போடுங்க. ஜோடியா 62 ஆயிரம், கப்பலுக்குள்ள 15 ஆயிரம், சென்னை போக வர, ஒரு ராத்திரி தங்க 5 ஆயிரம், பயண இன்சூரன்ஸுக்கு 2 ஆயிரம்னு வைங்க. மொத்தம் 84 ஆயிரம். ஆளுக்கு 42 ஆயிரம். மாசம் ₹3,500 ஆர்டி போட்டா 12 மாசத்தில் கையில் இருக்கும், வட்டியும் உங்களுக்கே. எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாம இந்த 3,500 ஒதுக்க முடியலையா? அப்போ இந்த வருஷம் கப்பல் வேண்டாம், அடுத்த சீசனுக்குப் போகலாம்.

இன்னைக்கே ஆர்டி ஒன்றை ஆரம்பிச்சு, அதுக்கு 'கப்பல்'னு பேர் வைங்க. பாஸ்போர்ட் இல்லாதவங்க அதுக்கும் இன்னைக்கே விண்ணப்பம் போட்டுடுங்க.