செயற்கைக் கால் கிடைத்தது. அதைத் தாங்கும் உடலை யார் கவனித்தது?

என் சித்தியின் மகளுக்குக் கடந்த வருடம் வவுனியாவில் வேலை கிடைத்தது. அவள் போகவில்லை. இரவில் தாயைக் கழிப்பறைக்குக் கூட்டிச்செல்ல வீட்டில் வேறு ஆள் இல்லை.

சித்தி 2009 இல் ஷெல் வீச்சில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். அதன் பிறகு மூன்று செயற்கைக் கால்கள் மாற்றியாயிற்று. கால் தந்தவர்கள் அதை எப்படிப் பூட்டுவது, எப்படிக் கழுவுவது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். அதைத் தாங்கும் இடுப்பையும் தொடையையும் எப்படிப் பேணுவது என்று விளக்கியதாகச் சித்திக்கு ஞாபகமில்லை. மாரி மழையில் ஒருநாள் கிணற்றடியில் விழுந்தார். விழுந்த பயத்தில் நடப்பதைக் குறைத்தார். நடக்காததால் தசைகள் தளர்ந்தன, பயம் இன்னும் கூடியது. இப்போது வலது முழங்காலும் நோகிறது. ஒரு காலை இழந்தவர்கள் மற்றக் காலில்தான் கூடுதலாகப் பாரத்தைக் கொடுக்கிறார்கள். அதனால் அந்த முழங்கால் மூட்டு தேயும் ஆபத்து அதிகம்.

கால் இழந்தவர்களின் நடைப்பயிற்சிக்கென்று சர்வதேச செஞ்சிலுவைக் குழு 2008 இல் ஒரு நூல் வெளியிட்டிருக்கிறது. இணையத்தில் இலவசமாக எடுக்கலாம். எங்களிடம் இருந்தது ஆங்கிலப் பிரதி. ஆனாலும் படங்களைப் பார்த்தே பலவற்றை விளங்கிக்கொள்ள முடிந்தது. பிரின்ட் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனோம். இயன்மருத்துவர் சித்தியை நடக்கவிட்டுப் பார்த்தார். அவருக்குப் பொருந்தியதை மட்டும் பேனையால் வட்டமிட்டார். படுக்கையில் செய்யவேண்டிய சிலதைத் தானே சேர்த்தும் சொன்னார். கையேடு எல்லோருக்கும் பொதுவாக எழுதப்பட்டது. உங்கள் உடலுக்கு ஏற்றது எது என்பதை ஒருவர் நேரில் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

முதலில் படுக்கும் விதம்

சித்தி பல வருடங்களாகத் தலையணையில் காலைத் தூக்கி வைத்துத்தான் படுப்பார். சுகமாக இருக்கும். ஆனால் முழங்கால் எந்நேரமும் மடங்கியிருந்தால் பின்பக்கத் தசைநார்கள் சுருங்கி, காலை நேராக நீட்ட முடியாமல் போய்விடும். நீட்ட முடியாத காலுக்குச் செயற்கைக் கால் சரியாகப் பொருந்தாது. நாள் முழுக்கக் கதிரையில் இருந்தால் இடுப்பும் அப்படியே மடங்கி இறுகும். அதனால் தலையணையை எடுத்துவிட்டோம். காலையும் மாலையும் பதினைந்து நிமிடம் குப்புறப் படுக்கிறார்.

பிறகு பலம்

முழங்காலின் கீழே சுருட்டிய துவாயை வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தி ஐந்து வரை எண்ணவேண்டும். இது முன்தொடைக்கு. வலப்பக்கம் சரிந்து படுத்து, இடது காலை நேராக மேலே தூக்கி இறக்கவேண்டும். இது இடுப்பின் பக்கத் தசைக்கு. அந்தத் தசை தளர்ந்தால்தான் நடக்கும்போது உடம்பு ஒரு பக்கம் சாய்கிறது. இரண்டையும் பத்துப் பத்துத் தடவை. மூச்சை அடக்கக்கூடாது.

கடைசியில் சமநிலை

செயற்கைக் காலைப் பூட்டி, சுவரோடு வைத்த கதிரையிலிருந்து எழும்பி இருப்பது. குசினி மேசையைப் பிடித்தபடி பாரத்தை ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாற்றுவது. முதல் கிழமைகளில் பக்கத்தில் ஒருவர் நிற்கவேண்டும்.

“இந்த வயசில எனக்கென்னத்துக்குப் பிள்ளை எக்சசைஸ்?” என்று சித்தி முதல் நாள் கேட்டார். உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டல், மாற்றுத்திறனாளிகள் உட்பட வளர்ந்தவர்கள் கிழமைக்கு 150 நிமிடமாவது மிதமாக உடலை இயக்கவேண்டும் என்கிறது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே விட்டிருப்பார். ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிடக் கொஞ்சமாவது செய்வது நல்லது என்றும் அதே வழிகாட்டல் சொல்கிறது. அதைத்தான் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் தொடங்கினோம்.

எப்போது நிறுத்தவேண்டும்?

நெஞ்சு நோ, தலைச்சுற்று, வழமைக்கு மாறான மூச்சிளைப்பு வந்தால் உடனே நிறுத்துங்கள். செயற்கைக் காலைக் கழற்றிய பின்னும் தோலில் சிவப்பு மறையாமல் இருந்தாலோ, கொப்புளமோ புண்ணோ வந்தாலோ, ஆறும்வரை காலைப் பூட்டாமல் கிளினிக்கில் காட்டுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குப் புண் வந்தாலும் நோத் தெரியாமல் போகலாம். ஒரு கண்ணாடியை வைத்துத் தினமும் பார்ப்பது நல்லது. உடலில் ஷெல் துண்டுகள் இருப்பவர்கள் தொடங்குமுன் வைத்தியரிடம் சொல்லவேண்டும். அந்த இடத்தில் புதிதாக நோவோ விறைப்போ வந்தால் பொறுத்துக்கொண்டு செய்யக்கூடாது.

நாங்கள் நோவைப் பொறுத்துப் பழகிய சனம். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். தசை களைத்து வரும் உளைவு ஓரிரு நாளில் போய்விடும். குத்தும் நோ அப்படியல்ல.

மூன்று மாதமாகிறது. நடுவில் காய்ச்சலால் இரண்டு கிழமை விட்டுப்போனது. திரும்ப ஐந்து நிமிடத்திலிருந்து தொடங்கினார். வலது முழங்கால் நோ முழுதாகப் போகவில்லை. ஆனால் போன கிழமை ஒரு இரவு, மகளை எழுப்பாமல், ஊன்றுகோலோடு கழிப்பறைக்குப் போய் வந்திருக்கிறார். விடிந்த பிறகுதான் மகளிடம் சொன்னாராம்.

அந்த வவுனியா வேலை இப்போது இல்லை. அவள் வேறு இடங்களுக்கு விண்ணப்பம் போடத் தொடங்கியிருக்கிறாள்.