ஆயில் குடிக்கும் வண்டிக்கு உயர்ரகப் பெட்ரோல் எதற்கு?

பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய வண்டி நீலப் புகை தள்ளத் தொடங்கினால், உரிமையாளரின் முதல் சந்தேகம் பெட்ரோல் பங்க் மேல்தான் விழுகிறது. எத்தனால் கலக்கிறார்கள், அதனால்தான் ஆயில் குறைகிறது என்பது இப்போது டீக்கடை வரை வந்துவிட்ட தீர்ப்பு. இதற்கு மறுபக்கமாக இன்னொரு நம்பிக்கையும் உண்டு. கூடுதல் காசு கொடுத்து உயர்ரகப் பெட்ரோல் போட்டால் பழைய இன்ஜின் தேறிவிடுமாம். இரண்டு பேருமே இன்ஜினின் கோளாறைப் பெட்ரோல் டேங்கில் தேடுகிறார்கள். ஆயில் குறைவதற்கான காரணம் பெரும்பாலும் பிஸ்டனைச் சுற்றியும் வால்வுத் தண்டுகளிலும் இருக்கிறது. பெட்ரோலுக்கும் ஆயிலுக்கும் தொடர்பு உண்டுதான். ஆனால் அது பலரும் நினைக்கிற இடத்தில் இல்லை.

முதலில் ஆயில் எப்படிப் போகிறது என்று பார்ப்போம். சாதாரண பெட்ரோல் இன்ஜினின் பிஸ்டனில் மூன்று ரிங்குகள் இருக்கும். மேலே உள்ள இரண்டின் முக்கிய வேலை அழுத்தத்தைப் பிடித்து வைப்பது. கீழே உள்ள ஆயில் ரிங், சிலிண்டர் சுவரில் படியும் ஆயிலை வழித்துக் கீழே இறக்குகிறது. வருடக்கணக்கில் கரி சேர்ந்து இந்த ரிங் அதன் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டாலோ, சிலிண்டர் சுவர் தேய்ந்துபோனாலோ, வழிக்கப்படாத ஆயில் மேலே ஏறிப் பெட்ரோலோடு சேர்ந்து எரிகிறது. இன்னொரு வழி வால்வு சீல். கட்டைவிரல் நுனி அளவுகூட இல்லாத ரப்பர் தொப்பி அது. சூட்டில் வெந்து வெந்து இறுகிப்போனதும் வால்வுத் தண்டு வழியாக ஆயில் சொட்டு சொட்டாக உள்ளே இறங்கும். புகை எப்போது வருகிறது என்று கவனித்தாலே ஓரளவு பிரித்துவிடலாம். இரவு நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஒரு கொத்துப் புகை வந்து பிறகு தெளிந்தால் வால்வு சீலைச் சந்தேகிக்க வேண்டும். மேடேறும்போதும் முறுக்கும்போதும் விடாமல் தள்ளினால் ரிங். உறுதி செய்ய மெக்கானிக்கிடம் எளிய சோதனை ஒன்று இருக்கிறது. பிளக் துளையில் மானி பொருத்தி அழுத்தத்தை அளந்து, அதே துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். அழுத்தம் நன்றாக ஏறினால் ரிங் பக்கம்தான் ஓட்டை. அந்த ஆயில் சற்று நேரத்துக்கு இடைவெளியை அடைக்கிறது. புகை வராமலே ஆயில் குறைந்தால், எரிவதைவிட வெளியே கசிவதற்கே வாய்ப்பு அதிகம். இன்ஜினின் அடியில் ஈரம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தால் போதும்.

எவ்வளவு குறைந்தால் கவலைப்பட வேண்டும்? ஐரோப்பியக் கார் நிறுவனங்கள் சில, ஆயிரம் கி.மீ.க்கு அரை லிட்டர், ஏன், ஒரு லிட்டர் வரைகூட இயல்பு என்று கையேட்டில் எழுதி வைத்திருக்கின்றன. அது உத்தரவாதச் செலவிலிருந்து தங்களைக் காத்துக்கொள்ளும் கணக்கு என்பது என் எண்ணம். நான்கு லிட்டர் ஆயில் கொள்ளும் காராவது அதைத் தாங்கும். நம் தெருக்களில் ஓடும் 100 சி.சி. பைக்கில் இருப்பதே ஒரு லிட்டருக்கும் குறைவு. அதில் 300 மி.லி. போனால் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. அந்தக் கொஞ்சம் ஆயில்தான் பிஸ்டனுக்கும் கியருக்கும் கிளட்ச்சுக்கும் பொது. காற்றில் ஆறும் இன்ஜினில் சூட்டை இறக்கும் வேலையிலும் அதற்குப் பெரும்பங்கு உண்டு. ஆகவே பைக்கில் ஆயில் குறைவது, காரில் குறைவதைவிட வேகமாக ஆளைக் கவிழ்க்கும்.

இனி எத்தனால். 2003இல் 5 சதவீத இலக்கோடு தொடங்கிய கலப்பு, 2022 ஜூனில் 10 சதவீதத்தைத் தொட்டது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் கலந்த இ-20 அறிமுகமாகி, 2025க்குள் நாடு முழுவதும் அதுவே சாதா பெட்ரோல் ஆகிவிட்டது. மைலேஜ் குறைகிறது என்ற புகார் கற்பனை இல்லை. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கையே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து இ-10க்கு ஏற்ப டியூன் செய்த கார்கள் இ-20இல் ஓடும்போது 6 முதல் 7 சதவீதமும், அதே வகை இருசக்கர வாகனங்கள் 3 முதல் 4 சதவீதமும் மைலேஜ் இழக்கும் என்று கணித்தது. லிட்டருக்கு 15 கி.மீ. கொடுத்த கார் 14 கொடுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்காக ஆயில் குறைவதையும் இதே கணக்கில் எழுதிவிட முடியாது. எத்தனால் ரிங்கைத் தேய்ப்பதில்லை. கரி பிடித்த பள்ளத்தை இறுக்குவதும் இல்லை.

‘இ-20 வந்த பிறகுதானே என் வண்டி புகை தள்ளுகிறது’ என்று கேட்பவர்கள் உண்டு. அதே காலத்தில் வண்டிக்கும் இரண்டு மூன்று வயது கூடியிருக்கிறது என்பது முதல் பதில். ஆனால் அதோடு முடித்துவிடுவது நேர்மையாகாது. கார்புரேட்டர் வைத்த பழைய வண்டியில் எரிபொருள் உண்மையிலேயே ஆயிலைக் கெடுக்கும் வழிகள் இருக்கின்றன. பெட்ரோல் முழுமையாக எரிய எடையில் 14.7 மடங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 மடங்கு போதும். எரிபொருள் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பொதுவாக ஆக்சிஜன் சென்சார் இதைக் கண்டுகொண்டு பெட்ரோலைக் கூட்டிவிடும். கார்புரேட்டரின் ஜெட்டுக்கு அந்த அறிவு கிடையாது. அதனால் கலவை மெலிந்து, எடுப்பு குறைந்து, இன்ஜின் சூடாகும். போதாததற்கு, பழைய டேங்கில் வருடக்கணக்காகப் படிந்த அழுக்கை எத்தனால் கரைத்துக்கொண்டு வந்து அதே ஜெட்டை அடைக்கிறது.

இதைவிட முக்கியமானது ரப்பர். பழைய கார்புரேட்டர் கார்கள் பலவற்றில் பெட்ரோல் பம்ப் இன்ஜின் பக்கவாட்டிலேயே பூட்டியிருக்கும். அதற்குள் ஒரு ரப்பர் டயாஃப்ரம் மேலும் கீழும் ஆடும். எத்தனாலைத் தாங்காத பழைய ரப்பர் ஊறிக் கிழிந்தால், பெட்ரோல் நேராக இன்ஜின் ஆயிலுக்குள் இறங்கும். கார்புரேட்டரின் மிதவை ஊசி சரியாக அடைக்காமல் பெட்ரோல் வழிந்து சிலிண்டருக்குள் போனாலும் கதை அதுதான். பெட்ரோல் கலந்த ஆயில் தண்ணீராக இளகும். சிலிண்டர் சுவரில் இருக்க வேண்டிய ஆயில் படலம் கழுவப்பட்டு ரிங் தேயும். தேய்ந்த பிறகு ஆயில் எரியும். இதற்கு ஒரு தெளிவான அடையாளம் இருக்கிறது. ஆயில் அளவு முதலில் குறையாது, ஏறும். டிப் ஸ்டிக்கை முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கும். அளவு ஏறியிருப்பதைப் பார்த்து ‘பரவாயில்லையே’ என்று நிம்மதியாகப் போகிறவர்தான் இதில் அதிகம் நஷ்டப்படுகிறார். இதற்கு மருந்து புது டயாஃப்ரம், புது ஹோஸ், புது ஊசி, உடனே ஆயில் மாற்றம். எல்லாம் சேர்ந்தும் இன்ஜின் இறக்கும் செலவில் ஒரு சிறு பகுதிதான் ஆகும்.

அடுத்தது உயர்ரகப் பெட்ரோல். ஆக்டேன் எண் என்பது பெட்ரோலின் சக்தியையோ சுத்தத்தையோ சொல்வதல்ல. அழுத்தும்போது தானாகவே பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைச் சொல்வது. அழுத்த விகிதம் அதிகமுள்ள இன்ஜினுக்கு அது தேவை. மாருதி 800, ஸ்ப்ளெண்டர் போன்றவற்றின் விகிதம் ஏறக்குறைய ஒன்பதுக்கு ஒன்று. பி.எஸ்.-2 காலத்துச் சாதா பெட்ரோலின் ஆக்டேன் 88. அதிலேயே இவை ஒழுங்காக ஓடின. இன்றைய இ-20 பெட்ரோலின் ஆக்டேன் 95 என்கிறது பெட்ரோலிய அமைச்சகம். எத்தனாலின் சொந்த ஆக்டேன் நூறுக்கும் மேல் என்பதால் கிடைத்த ஏற்றம் இது. அதாவது, எத்தனாலைத் திட்டிக்கொண்டே உயர் ஆக்டேனைத் தேடிப் போகிறவருக்கு அந்த ஆக்டேன் ஏற்கெனவே சாதா பங்க்கிலேயே கிடைக்கிறது. 2020 டிசம்பரில் 100 ஆக்டேன் பெட்ரோல் இங்கே அறிமுகமானபோது டெல்லியில் லிட்டர் 160 ரூபாய். பந்தய பைக்குக்கும் சொகுசுக் காருக்கும் அதில் அர்த்தம் இருக்கலாம். ஆயில் குடிக்கும் பழைய பைக்குக்கு அதை ஊற்றுவது, ஒழுகும் கூரைக்குக் கீழே புதுப் பாய் விரிப்பது போலத்தான்.

‘உயர்ரகம் போட்டதும் டிக் டிக் சத்தம் நின்றுவிட்டதே’ என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. கலவை தானாகவே பற்றிக்கொள்ளும்போது எழும் சத்தம் அது. பெட்ரோலுக்கும் ஆயிலுக்கும் உள்ள தொடர்பு நிஜமாகவே வெளிப்படுவது இந்த இடத்தில்தான்; ஆனால் திசை மாறி. எரிஅறைக்குள் ஏறும் ஆயில், கலவையின் தாக்குப்பிடிக்கும் திறனைக் குறைக்கிறது. எரிந்த ஆயிலின் கரி பிஸ்டன் தலையில் படிந்து அறையைச் சுருக்குகிறது, அழுத்தம் கூடுகிறது. கனன்றுகொண்டிருக்கும் கரித்துண்டு நேரத்துக்கு முன்பே கலவையைப் பற்றவைக்கவும் கூடும். இத்தனையும் சேர்ந்து, 88 ஆக்டேனில் ஓடிய இன்ஜினை அதற்கு மேல் கேட்க வைக்கின்றன. உயர்ரகப் பெட்ரோல் அந்தச் சத்தத்தை அடக்கும். ஆயில் ஏறுவதை அது தொடாது. சத்தம் நின்ற நிம்மதியில் ஓட்டுபவர் இன்னும் சில ஆயிரம் கி.மீ. தள்ளிப்போடுவார், கரி மேலும் சேரும். டீசல் வண்டியில் ஆயில் உள்ளே ஏறுவது இன்னும் பயங்கரம். டர்போவின் சீல் போய் ஆயில் அதிகமாக உள்ளே இழுக்கப்பட்டால், டீசல் இன்ஜின் தன் ஆயிலையே எரிபொருளாக்கிக்கொண்டு தறிகெட்டு ஓடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. காற்று போகும் வழியை அடைத்து நிறுத்த வேண்டியிருக்கும்.

கெட்டியான ஆயில் ஊற்றினால் சரியாகிவிடும் என்பது பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் யோசனை. இதை முழுதாகத் தள்ள மாட்டேன். கையேடு அனுமதிக்கும் வரம்புக்குள் ஒரு படி கெட்டியான ஆயில், தேய்ந்த இன்ஜினில் செலவைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். குளிர்நாட்டில் காலையில் ஆயில் உறைந்து நிற்குமே என்ற பயம் நம் வெயிலில் இல்லை. ஆனால் வரம்பைத் தாண்டினால் மைலேஜ் விழும், சூடு கூடும். பைக்கில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. காருக்கான ஆயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உண்டு. ஆயிலில் நனைந்தபடி இயங்கும் பைக் கிளட்ச் அதனால் வழுக்கும். பைக்குக்கு வாங்கும் டின்னில் ஜாசோ எம்.ஏ. முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் வண்டியின் பெட்ரோலில் 2டி ஆயில் கலக்கும் வழக்கம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. புகைக்கு மேல் புகை.

கடைசி ஆட்சேபம் பணத்தைப் பற்றியது. இன்ஜின் இறக்கி ரீபோர் செய்யும் செலவு வண்டியின் விலையையே நெருங்கும்போது என்ன செய்வது? வால்வு சீல் மட்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிடலாம். ரிங் போயிருந்தால், குறைகிற அளவு சிறியதாகவும் சீராகவும் இருக்கும்வரை டாப்-அப் செய்து ஓட்டுவது கணக்குப்படி சரியான முடிவுதான். அதன் விலை வேறு இடத்தில் விழுகிறது. ஆயிலில் உள்ள பாஸ்பரஸ், சைலன்சருக்குள் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மெல்லச் சாகடிக்கிறது. பெட்ரோல் வண்டியின் புகைச் சான்றுச் சோதனை கார்பன் மோனாக்சைடையும் எரியாத ஹைட்ரோகார்பனையும் அளக்கிறது. நீலப் புகையின் அடர்த்தியை அது கேட்பதில்லை. சான்று கிடைத்துவிட்டது என்பதால் இன்ஜின் நலம் என்று ஆகாது.

எத்தனால் விஷயத்தில் பழைய வண்டிக்காரரின் நியாயமான குறை, தேர்வே இல்லை என்பதுதான். பிரிட்டன் 2021 செப்டம்பரில் இ-10க்கு மாறியபோது, பழைய வண்டிகளுக்காக இ-5ஐ உயர்ரகப் பெட்ரோலாக விட்டுவைத்தது. இங்கே எத்தனால் இல்லாத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது. அந்த வாதத்தைத் தொடரலாம், தொடரவும் வேண்டும். அதுவரை உங்கள் கையில் இருப்பது டிப் ஸ்டிக். பைக்கைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்த வண்டி பொய் அளவு காட்டும். மூன்று நிமிடம் ஓடவிட்டு அணைத்து, இன்னும் மூன்று நிமிடம் பொறுங்கள். குச்சியைத் துடைத்து உள்ளே விடுங்கள்; மரை கொண்ட குச்சியைப் பெரும்பாலான பைக்குகளில் திருகாமல் சும்மா வைத்துப் பார்க்க வேண்டும். குறைந்ததை அளவு டம்ளரால் ஊற்றி, மி.லி.யையும் கி.மீ.யையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆயிரம் கி.மீ. கழித்து அதே போல மறுபடி. மெக்கானிக்கிடம் போகும்போது ‘ஆயில் குடிக்குது’ என்று மட்டும் சொல்லாமல், அந்த எண்ணையும் புகை எந்த நேரத்தில் வருகிறது என்பதையும் சொல்லுங்கள்.