திரைக்கடலும் துறைக்கடலும்

கல்முனையில் மருமகன் வீட்டில் ஒருநாளிரவு ‘டைட்டானிக்’ திரைப்படம் பார்த்தேன். 1997 இல் வெளிவந்த படம். “மாமா, இதிலே வருகிற கடலிற் பாதி கடலே அல்ல, கணினி வரைந்தது!” என்று அவன் சொன்னபோது வியப்பினால் வாயடைத்துப் போனேன்.

அவன் விளக்கிய வித்தை இது. நீளத்தாலும் திசையாலும் வேறுபட்ட ஆயிரமாயிரம் சிற்றலைகளைக் கணித்துக் கூட்டினால், அங்கே ஒரு பெருங்கடல் பிறந்துவிடும். ஜெரி டெசென்டோர்ஃப் என்னும் பௌதிக அறிஞர் இம்முறையைத் திரையுலகிற்குத் தந்தவருள் முதன்மையானவர். புரண்டு சுழலும் நீருக்கோ வேறு கணக்கு வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் நேவியரும் ஸ்டோக்ஸும் வகுத்த சமன்பாடுகளே அதற்கு அடிப்படை. அவற்றைக் கணினியில் இட்டால், சிறு பிழையும் பெருகிப் பெருகிக் கணக்கே சிதறிப்போவதுண்டு. சிதறாத வழியொன்றை 1999 இல் யோஸ் ஸ்டாம் கண்டார். அதற்கொரு விலை உண்டு: இயற்கையிற் போலன்றிச் சுழிகள் விரைவில் அடங்கிவிடும். ஆனால் என்ன? பார்ப்பவன் கண் நம்பினாற் போதுமன்றோ! 2005 இல் ஷூ, பிரிட்சன் என்னும் இருவர் மணலையும் ஒருவகைத் திரவமாகவே கொண்டு திரையில் சரியவிட்டனர்.

மறுநாள் மாலை ஒலுவில் துறைமுகத்துக் கல்லணைமீது நின்றேன். 2013 இல் திறக்கப்பட்ட துறைமுகம் இது. அதன் வாயிலை மணல் வந்து வந்து அடைத்தது; வடக்கே கரையைக் கடல் அரித்தது; தென்னைகள் வேரோடு சாய்ந்தன. அருகே வலை பொத்திக்கொண்டிருந்த முதியவரிடம் காரணம் கேட்டேன்.

“கடலுக்குள்ள மண் நடக்குது மனே, வடக்கு நோக்கி. மறிச்சா, மறிச்ச இடத்துல குவியும், அங்கால கரையைத் தின்னும்” என்றார்.

நூல்கள் கூறுவதும் இதுவே. சாய்ந்து மோதும் அலை ஒவ்வொன்றும் சிறிது மணலைக் கரையோரமாய் நகர்த்திச் செல்கிறது. துறைமுகம் அமைப்போரும் நீரின் அதே விதிகளையே கணினியில் இடுகின்றனர். ஆயினும் திரைக்கடல் வாழ்வது சில நொடிகள், துறைக்கடலோ பல்லாண்டுகள். ஓரலையில் பிழைத்த ஒரு பிடி மணல், ஆண்டு முடிவில் குன்றாகிவிடும். திரையில் அலை பிடிக்கவில்லையெனில் இயக்குநர் மீண்டும் கணிக்கச் சொல்லலாம். சாய்ந்த தென்னையை மீண்டும் நிறுத்த யாரால் ஆகும்? அங்கே நடுவர் மனிதக் கண். இங்கே நடுவர் கடல்.

இதனால் திரைக்கலையை நான் இகழ்வதாக நினைத்துவிடாதீர்கள். நீரின் இயல்பை இளைஞர் நெஞ்சில் பதிக்க அதனினும் இனிய ஆசான் கிடைப்பது அரிது. துறைமுகத்துக்கு அண்மையிலேயே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே பொறியியல் பயிலும் பிள்ளைகளில் ஒருவரேனும், விளையாட்டுக்காக அலை செய்யக் கற்ற கையோடு, இந்தக் கல்லணையில் வந்தமர்ந்து அம்முதியவர் சொல்வதையும் கேட்கட்டும். மண் நடக்கும் வழியை அறிந்தவர் அவர். அதைக் கணக்கில் எழுத வல்லவர்கள் அவர்கள். இருவரும் சந்திக்கும் நாளில், ஒலுவில் கரைக்கு ஒரு நல்ல வழி பிறக்கக்கூடும்.