உடைப்பதற்கென்றே செய்த குப்பி

அமெரிக்கச் சிற்றூர்களின் அருங்காட்சியகங்களுக்குப் பழைய வீட்டுச் சாமான்களோடு அவ்வப்போது ஒரு புதிரும் வந்து சேர்கிறது. நீல நிறத்திலோ தேன் நிறத்திலோ உருண்டையான கண்ணாடிக் குப்பி. குட்டையான கழுத்து, இறுக அடைத்த வாய், உள்ளே ஏதோ திரவம். அத்தரா, மருந்தா, விளக்கின் பாகமா என்று பார்ப்பவர்கள் குழம்புவார்கள். அதைத் தீயில் வீசி உடைக்க வேண்டும். அது தீயணைக்கும் கையெறிகுண்டு!

இவற்றில் ஹேவர்ட் என்ற பெயர் கொண்ட குப்பிகளில் 1871 ஆகஸ்ட் 8 என்ற காப்புரிமைத் தேதி பொறித்திருக்கும். சரியாக இரண்டு மாதம் கழித்து, அக்டோபர் 8 இரவு சிகாகோ நகரம் பற்றிக்கொண்டது. சுமார் 300 பேர் மாண்டார்கள். ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள். மர வீடுகளும் மண்ணெண்ணெய் விளக்குகளும் நிறைந்த அந்தக் காலத்தில், இத்தகைய குப்பிகளை மக்கள் நம்பி வாங்கியதில் வியப்பில்லை. 1880களில் ஹார்டன் நிறுவனத்தின் நட்சத்திரம் பொறித்த நீலக் குப்பி பெரும்புகழ் பெற்றது.

உள்ளே பெரும்பாலும் உப்புத் தண்ணீர்தான். வெறும் தண்ணீர் என்றால் குளிர்காலத்தில் உறைந்து குப்பியே வெடித்துவிடும். ஆனால் அரை லிட்டர் தண்ணீர் எந்த வீட்டைக் காப்பாற்றும்? குப்பைக்கூடையில் பிடித்த தீயை அணைக்கலாம், அவ்வளவுதான்.

உண்மையான ஆபத்து அடுத்த தலைமுறைக் குப்பிகளில் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் உப்புத் தண்ணீரின் இடத்தைக் கார்பன் டெட்ராகுளோரைடு பிடித்தது. மின்சாரத்தைக் கடத்தாது, எளிதில் ஆவியாகித் தீயை அமுக்கும் என்பதால் அதற்கு மதிப்பு. சில குப்பிகளைச் சுவரில் தாங்கியோடு மாட்டினார்கள். வெப்பம் ஏறியதும் ஓர் உலோகத் துண்டு உருகும், வில் விடுபட்டுக் கண்ணாடியை உடைக்கும். அருமையான யோசனை. ஆனால் கடும் வெப்பத்தில் அந்தத் திரவம் பாஸ்ஜீன் வாயுவாக மாறக்கூடும். முதல் உலகப் போரில் வீரர்களைக் கொன்ற அதே நச்சு வாயு. தீயே இல்லாவிட்டாலும் கார்பன் டெட்ராகுளோரைடின் ஆவி கல்லீரலைக் கெடுக்கும். ஓசோன் படலத்தையும் அரிப்பதால், 1990-இல் மாண்ட்ரீல் உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் அது சேர்ந்தது.

ஆகவே இப்படியொரு குப்பி கைக்கு வந்தால், காட்சிக்கு வைப்பதற்கு முன் உள்ளே இருப்பது உப்புத் தண்ணீரா நஞ்சா என்பதை அருங்காட்சியகம் உறுதிசெய்தாக வேண்டும். வடிவமும் பொறித்த எழுத்தும் ஓரளவு காலத்தைச் சொல்லும். மீதியை வேதிப்பொருள் வல்லுநர்கள் பார்க்க வேண்டும். நஞ்சு என்றால் அவர்களைக் கொண்டே வெளியேற்றிவிட்டு, வெறுங் குப்பியை வைப்பதுதான் சரி. திரவம் போய்விட்டால் பொருளின் மதிப்பு குறையும் என்ற வாதம் பார்வையாளர்களின் உயிருக்கு முன் நிற்காது.

பழைய வீட்டுப் பரணிலோ பழம்பொருள் கடையிலோ இத்தகைய குப்பியைக் கண்டால் குலுக்காதீர்கள், திறக்காதீர்கள். தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள்.