கம்ப்யூட்டர் கண் திறக்கலையா?



எங்கள் ஊர் பொழிச்சலூர். சென்னை விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊர். விமானச் சத்தம் கேட்டால்கூட இங்கே யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அவ்வளவு பழக்கம்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்து வீட்டு மாணவி கண் கலங்க ஓடி வந்தாள். ஏழாம் வகுப்பு படிக்கிறாள்.

"சார், கம்ப்யூட்டர் ஆன் ஆக மாட்டேங்குது. கறுப்புத் திரையில ரெண்டு வரி வந்து நின்னுடுது. 'பார்மட்' பண்ணிடலாம்னு மாமா சொல்றாரு!"

பார்மட் செய்தால், உள்ளே சேமித்தது எல்லாம் போய்விடும். காலமான அவளுடைய பாட்டியின் படங்கள் அதில்தான் இருந்தன. வேறு பிரதி கிடையாது.

"அவசரம் வேண்டாம். எந்தப் படியில் நிற்கிறது என்று முதலில் பார்ப்போம்" என்று கிளம்பினேன்.

அது என்ன படி?

காலையில் உங்கள் பள்ளி எப்படித் தொடங்குகிறது? வாட்ச்மேன் கேட்டைத் திறக்கிறார். ஆசிரியர் வருகைப் பதிவு எடுக்கிறார். பிறகுதான் பாடம். கம்ப்யூட்டரும் அப்படித்தான்!

முதல் படி, மின்சாரம். விளக்கு எரியவில்லை, விசிறி சுற்றவில்லை என்றால், பிளக், சுவர் சுவிட்ச், பெட்டியின் பின்பக்க சுவிட்ச் ஆகியவற்றைப் பாருங்கள். அதே பிளக் பாயின்ட்டில் மொபைல் சார்ஜரைச் செருகினால், கரன்ட் வருகிறதா என்று தெரிந்துவிடும். ஈரக் கையால் தொடாதீர்கள். பெரியவர் ஒருவர் கூடவே இருக்கட்டும். பெட்டியை நீங்கள் திறக்கவே கூடாது.

இரண்டாம் படி, வருகைப் பதிவு. 'பயாஸ்' என்ற சிறு புரோகிராம், ரேம், கீபோர்டு போன்றவை சரியாக உள்ளனவா என்று சோதிக்கும். கோளாறு இருந்தால், சில கம்ப்யூட்டர்கள் 'பீப், பீப்' என்று கத்தும். எத்தனை முறை கத்துகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். மெக்கானிக்குக் கண்டுபிடிக்க உதவும். விசிறி சுற்றியும் திரை இருட்டாகவே இருந்தால், மானிட்டர் வயர் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். தினமும் தேதி தவறாகக் காட்டுகிறதா? உள்ளே, காசு வடிவில் இருக்கும் 3 வோல்ட் பேட்டரி தீர்ந்திருக்கலாம்.

மூன்றாம் படி, பயாஸ், விண்டோஸைத் தேடிப் பிடித்து அதனிடம் பொறுப்பை ஒப்படைப்பது. நம் மாணவியின் கம்ப்யூட்டர் நின்றது இங்கேதான்! பெட்டியின் பின்னால் குனிந்து பார்த்தேன். முதல் நாள் இரவு, பாட்டுக் கேட்க அவள் அண்ணன் செருகிய பென் டிரைவ் அப்படியே இருந்தது. பாவம் கம்ப்யூட்டர், அந்தப் பென் டிரைவில் விண்டோஸைத் தேடிக் கொண்டிருந்தது! அணைத்துவிட்டு, அதைக் கழற்றி, மீண்டும் போட்டோம். விண்டோஸ் வந்தது. பாட்டியும் சிரித்தார்!

நான்காம் படி, விண்டோஸ் எழுந்து வேலையைத் தொடங்குவது. இங்கே நின்றால் என்ன ஆகும்? அதை உலகமே பார்த்தது.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இந்திய நேரம் காலை 9.39 மணி. 'கிரவுட்ஸ்ட்ரைக்' என்ற பாதுகாப்பு நிறுவனம், தன் மென்பொருளுக்கு ஒரு புதிய பைலை அனுப்பியது. அதில் பிழை. உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையைக் காட்டி நின்றன என்று மைக்ரோசாப்ட் கணக்கிட்டது. அவற்றில் பல, மறுபடி மறுபடி எழுந்து விழுந்தன. எங்கள் பக்கத்துச் சென்னை விமான நிலையத்திலும் பயணிகள் காத்துக் கிடந்தனர். நாட்டின் சில விமான நிலையங்களில், போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தனர்!

78 நிமிடத்தில் அந்தப் பைலை நிறுவனம் திரும்பப் பெற்றது. ஆனாலும், எழ முடியாத கம்ப்யூட்டருக்குத் திருத்தம் எப்படிப் போய்ச் சேரும்? பலவற்றின் முன் ஆட்களே போய் உட்கார்ந்து, 'சேப் மோடு' என்ற முறையில் எழுப்பி, அந்த ஒரு பைலை மட்டும் நீக்கினர். சேப் மோடு என்றால், மிக அவசியமானவற்றை மட்டும் வைத்துக்கொண்டு எழுவது. காய்ச்சல்காரருக்குக் கஞ்சி மட்டும் கொடுப்பது போல!

கவனித்தீர்களா? அங்கேயும் எல்லாவற்றையும் அழித்துவிடவில்லை. 'நேற்று வரை ஓடியதே, கடைசியாக என்ன மாறியது?' என்ற கேள்விதான் வழி காட்டியது. எங்கள் தெருவில் பென் டிரைவைக் காட்டிக் கொடுத்ததும் அதே கேள்விதான்.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் நின்றால், எந்தப் படியில் நின்றது, திரையில் என்ன எழுத்து வந்தது, கடைசியாக என்ன மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். 'பார்மட்' கடைசி மருந்து!

அன்று மாலையே, பாட்டியின் படங்களை வேறொரு பென் டிரைவில் பிரதி எடுத்து, பீரோவில் வைத்துவிட்டாள் அந்தக் கெட்டிக்காரி. உங்கள் வீட்டுப் படங்களுக்கு இன்னொரு பிரதி இருக்கிறதா? இன்றே பாருங்கள், செல்லங்களே!