வலது பொத்தானும் மாக்ரோவும்



நம் தோட்டப்புறப் பிள்ளைகளும் இன்று வேலை விண்ணப்பங்களையும் பள்ளிக் கட்டுரைகளையும் கணினியில் எழுதுகிறார்கள். அதற்குப் பயன்படும் 'வேர்ட்' என்னும் மென்பொருளில் உள்ள ஒரு வசதியைப் பற்றி இன்று நாம் தெரிந்துகொள்வோம்.

எழுத்தின் மீது மவுஸை வைத்து வலது பொத்தானை அழுத்தினால், வெட்டு, நகலெடு, ஒட்டு என்று ஒரு சிறு பட்டியல் விரியும். இது மாற்ற முடியாத பட்டியல் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அப்படியன்று, 'மாக்ரோ'வைக் கொண்டு இதை மாற்றலாம்.

மாக்ரோ என்றால் என்ன? பெரட்டில் மண்டோர் "மூன்றாம் துண்டு" என்றதும், கத்தி எடுப்பது முதல் பால் நிறுப்பது வரை அன்றைய வேலை முழுவதும் நமக்கு விளங்கிவிடுகிறது அல்லவா? அதுபோலப் பல கட்டளைகளை ஒரே பெயரில் அடக்கி வைப்பதே மாக்ரோ.

எழுத்துக்குரிய அந்தப் பட்டியலுக்கு வேர்டில் 'டெக்ஸ்ட்' என்று பெயர். மாக்ரோ அப்பெயரைச் சொல்லி அழைத்து, புதிய வரி ஒன்றைச் சேர்க்கலாம். அந்த வரியை அழுத்தினால் வீட்டு முகவரி முழுவதும் கடிதத்தில் வந்து விழும்படி செய்யலாம். இருக்கும் வரியை நீக்கலாம். பட்டியலையே முடக்கவும் செய்யலாம். 'ரீசெட்' என்ற கட்டளை பழைய நிலையைத் திருப்பித் தரும். மாற்றத்தை ஒரு கடிதத்தில் மட்டும் பதித்தால் அது அங்கேயே நிற்கும். 'நார்மல்' என்னும் மூலப்படிவத்தில் பதித்தால் அந்தக் கணினியில் திறக்கும் எல்லாக் கடிதங்களிலும் தோன்றும்.

ஆகவே, வலது பொத்தான் பட்டியல் வராவிட்டால், கணினி கெட்டுவிட்டதென்று பழுதுபார்க்கக் காசு கொடுக்க அவசரப்பட வேண்டாம். 'ஆல்ட்' விசையுடன் 'எஃப் 8' விசையை அழுத்தி, நாம் அறியாத மாக்ரோ ஏதும் இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம்.

நன்மை செய்யும் கருவியே தீமைக்கும் உதவும். 1999 மார்ச்சில் 'மெலிசா' என்ற நச்சுநிரல், வேர்ட் கடிதமொன்றில் மாக்ரோவாக ஒளிந்து வந்தது. திறந்தவரின் முகவரிப் பட்டியலிலிருந்து முதல் 50 பேருக்குத் தன்னைத் தானே அனுப்பிக்கொண்டது. இத்தகைய ஆபத்துகளைத் தடுக்க, இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மாக்ரோக்களை 2022 முதல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தானாகவே தடுக்கத் தொடங்கியது.

வேலை தருவதாக வரும் கடிதம் மாக்ரோவை இயக்கச் சொன்னால், பெற்றோரே, அனுப்பியவர் யாரென்று உறுதியாகத் தெரியும்வரை பிள்ளைகளைப் பொறுத்திருக்கச் சொல்லுங்கள். தெரியாதவர் கட்டளைக்கு நம் கணினி கீழ்ப்படிய வேண்டியதில்லை.